மிஷின் ஒரிஜினல், சார்

பழைய வாட்ச் விற்பவரிடம் "இது ஒரிஜினலா?" என்று கேட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: "மிஷின் ஒரிஜினல், சார்." அது பெரும்பாலும் பொய்யில்லை. டயலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கைமாறும் பழைய வாட்ச் வியாபாரம் முழுக்க அந்தச் சொல்லாத பாதியில்தான் நடக்கிறது.

குருபரப்பள்ளிப் பக்கத்துக்காரர்கள் இதில் ஏமாறக்கூடாது. நாட்டின் இரண்டு பெரிய வாட்ச் கம்பெனிகளும் நமக்கு எட்டும் தூரத்தில் பிறந்தவை. நெடுஞ்சாலையில் சூளகிரியைத் தாண்டினால் ஓசூரில் டைட்டன். இன்னும் போனால் பெங்களூரு ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. இருந்தது. சிப்காட் ஷிப்ட் வேலைக்குப் போகிற பிள்ளைகள் செல்போனில் மணி பார்க்கிறார்கள். அவர்களுடைய தாத்தாக்களின் கல்யாணப் படத்தைப் பாருங்கள், மாப்பிள்ளையின் இடது கை கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மாமனார் வீட்டு வாட்ச் படத்தில் விழ வேண்டாமா? அது பெரும்பாலும் எச்.எம்.டி.யாகத்தான் இருக்கும்.

ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டு வைத்து, 1961-இல் பெங்களூரில் அந்த வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. அதுவரை நல்ல வாட்ச் என்றால் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர் என்று சுவிஸ் சரக்குத்தான். அரசு உத்தியோகஸ்தருக்கும் அது பெரிய செலவு. இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபிறகு கடத்தல் சரக்கும் சேர்ந்துகொண்டது. அந்த இடத்தில்தான் எச்.எம்.டி.யின் 'ஜனதா' வாட்ச் வந்து உட்கார்ந்தது. பிறகு தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று தொழிற்சாலைகள் பெருகி, எச்.எம்.டி. 10 கோடிக்கும் மேல் வாட்ச் செய்து தள்ளியது. இன்று சந்தையில் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு அந்த எண்ணிக்கைதான் காரணம். மட்டமான சரக்கு என்பதால் அல்ல.

ஜனதாவின் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். உள்ளே இருப்பது 0231 என்ற எண் கொண்ட, கையால் சாவி கொடுக்கும் மிஷின். அலங்காரம் எதுவும் கிடையாது. சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் பளபளப்பான தகடுகள் (தொழிலில் 'பாலங்கள்'), அவற்றில் பதித்த சிவப்புக் கற்கள், ஓரத்தில் மூச்சு விடுவதைப்போல விரிந்து சுருங்கும் ஹேர் ஸ்பிரிங். கல் மொத்தம் பதினேழு. செயற்கை மாணிக்கம்தான், நகைக்கடை மதிப்பு இல்லை. சுழலும் அச்சுகள் தேயாமல் இருக்கத்தான் கல். பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 முறை அசைகிறது, அதாவது நொடிக்கு ஐந்து. காதில் வைத்தால் கேட்கும் அந்த வேகமான டிக்டிக் இதுதான். கீழே விழுந்தால் பேலன்ஸின் அச்சு முறியாமல் இருக்க 'பாரா ஷாக்' என்ற அதிர்ச்சி தாங்கி. அந்தப் பெயரை டயலிலேயே எழுதியிருப்பார்கள். வேலைக்காரனுடைய மிஷின். ஐம்பது வருடம் கழித்தும் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஓடிவிடும்.

காலையில் சாவி கொடுக்கும்போது விரலில் தெரியும் அந்தப் பல் பல்லாய் ஏறும் உணர்ச்சியை எந்த செல் வாட்ச்சும் தராது. ஓசூர் டைட்டன் 1984-இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. ஆனால் அது செல்லில் ஓடும் குவார்ட்ஸை நம்பி இறங்கியது, வென்றது. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தோடு ஜனதா நேரத்துல்லியத்தில் போட்டி போட முடியாது. நேரத்துக்காக மட்டும் வாட்ச் வாங்குகிறவர் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது டயலுக்கு வருவோம். டயல் என்பது மெல்லிய உலோகத் தகடு, அதன்மேல் பூச்சு, அதன்மேல் அச்சு. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால் வியர்வையும் ஈரமும் உள்ளே போய் பூச்சு புள்ளி புள்ளியாகப் பூக்கும். ரிப்பேர்காரர் அந்தத் தகட்டைச் சுரண்டி, புதிதாகப் பெயிண்ட் அடித்து, மேலே பெயரையும் எண்களையும் அச்சடித்து மாட்டுவார். இதற்குப் பெயர் ரீடயல். மும்பையில் இது குடிசைத்தொழிலாகவே வளர்ந்து, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த வகையறாவைக் கேலியாகப் 'பம்பாய் ஸ்பெஷல்' என்று சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கிவிட்டது. கிளிப்பச்சை டயல், ரத்தச் சிவப்பு டயல், காந்தி படம் போட்ட டயல், ராணுவச் சின்னம் போட்ட டயல் என்று எல்லாம் வரும். அந்தக் காந்திப் படத்தைச் சிரித்துவிட்டு மன்னித்துவிடலாம், அது யாரையும் ஏமாற்றுவதில்லை. கறுப்பு டயலில் வெள்ளை எண்கள் போட்ட எச்.எம்.டி. 'பைலட்' மாதிரியே அச்சடித்து அந்த விலைக்கு விற்பதுதான் திருட்டு.

ரீடயலைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி போதும். தொழிற்சாலை அச்சில் எழுத்தின் ஓரம் கத்தி வைத்து வெட்டினாற்போல நிற்கும். ரீடயலில் ஊறித் தடித்திருக்கும், சிறிய எழுத்துகளில் நடு ஓட்டையே அடைபட்டிருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக வராது. நிமிட முள் கோடு வரை எட்டாமல் குட்டையாக நிற்கும், ஏனென்றால் அது வேறு வாட்ச்சின் முள். முள்ளில் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்து எண்களில் இல்லையென்றால், இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் அல்ல. கேஸ் முழுக்க கீறலும் தேய்வும், டயல் மட்டும் நேற்று வாங்கியதைப்போல என்றால் இன்னும் என்ன சந்தேகம்? '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருந்தும் நொடி முள் நொடிக்கு ஒருமுறை குதித்து நின்றால், உள்ளே மலிவான செல் மிஷினைச் சொருகியிருக்கிறார்கள். மூடியைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

சுவிஸ் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். 1737-இல் வேர்விட்டதாகச் சொல்லும் ஃபேவர் லூபா 1865-லேயே பம்பாயில் கடை போட்டது. இந்தியக் குடும்பங்களில் அந்தப் பெயருக்கு இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. 2011-இல் நம் ஓசூர் டைட்டனே அந்தப் பெயரை விலைக்கு வாங்கி வைத்திருந்து, பிறகு விற்றுவிட்டது. சந்தையில் மிட்டாய் நிறத்தில் மினுக்கும் 'ஃபேவர் லூபா' கிடைத்தால், மூடியைத் திறந்து பாலத்தில் அந்தப் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். டயலில் பெயர் எழுத ஒரு சொட்டு மை போதும், பாலத்தில் பொறிப்பது அவ்வளவு சுலபமல்ல.

சுத்தம் பார்க்கிற சேகரிப்பாளர்கள் எதையும் மாற்றக்கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடி, சாவி, ஸ்ட்ராப், மெயின் ஸ்பிரிங் எல்லாம் தேய்கிற பொருள்கள். அவற்றை மாற்றாமல் வாட்ச் ஓடாது. மூன்று செத்த ஜனதாவிலிருந்து ஓடுகிற ஒரு ஜனதாவை எடுக்கிற ரிப்பேர்காரர் என் கணக்கில் கைதேர்ந்த தொழிலாளி. அதைச் சொல்லி விற்றால் சந்தோஷமாக வாங்கலாம். டயல் மட்டும் வேறு கதை. பழுப்பேறி, ஓரத்தில் புள்ளி விழுந்து, ஆனாலும் எழுத்து கூர்மையாக நிற்கிற பழைய ஜனதா டயலுக்கு முன்னால் எந்தப் புதுப் பூச்சும் நிற்காது. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் புள்ளி விழுந்ததைத்தான் எடுப்பேன். பளபளப்பானதற்குக் கூட நூறு ரூபாய் கேட்பார்கள், வேடிக்கை.

வாங்கும்போது "மூடியைத் திறந்து காட்டுங்கண்ணா" என்று கேளுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பல சமயம் அது வாட்ச் விலையைத் தொடும்.

எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. தும்கூர் தொழிற்சாலை நிலம் இஸ்ரோவுக்குப் போய்விட்டது. சுரண்டி எறிகிற ஒவ்வொரு பழைய டயலுக்கும் இனி மாற்று வராது. உங்கள் வீட்டுப் பீரோவில் தாத்தாவின் வாட்ச் இருந்தால் எடுத்து சர்வீஸுக்குக் கொடுங்கள். "டயலையும் புதுசு பண்ணித் தந்துடறேன்" என்று ரிப்பேர்காரர் ஆசையாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.