ஜாலராவைக் காணோம்

ஸ்பீக்கர் பெட்டியில் கூர்மையான ஒலிகளுக்கான ட்வீட்டர் போய்விட்டால் பாட்டு நின்றுவிடாது. அதனால்தான் பல வீடுகளில் மாதக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. பாடகர் பாடுகிறார், தவில் முழங்குகிறது. ஜாலரா மட்டும் மங்கிவிடும், வயலினில் வில் உரசும் அந்த நறநறப்பு மறையும், ‘ச’வும் ‘ஷ’வும் மழுங்கும். மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மலை ரயில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றால் நீராவியின் ‘உஸ்’ காதைத் துளைக்கும். ஊருக்குள் இருந்து கேட்டால் கூவல் மட்டும்தான் வந்து சேரும்.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கலை என்றுதான் சொல்வேன். நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் பெட்டியைத் திறக்கமாட்டார். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, பின்னால் இடது வலது ஒயர்களை மாற்றிச் செருகுவார். குறை அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஸ்பீக்கர்மேல் பழியில்லை. அதே பெட்டியில் நின்றால் பழுது உள்ளேதான். சல்லிக்காசு செலவில்லாமல் பாதி வேலை முடிந்தது.

ட்வீட்டரைக் கழற்றும்போது அவர் கையைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும். அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய டோமில் நுனி பட்டால் அவ்வளவுதான். அதனால் இடக்கை விரல்களால் நுனியைத் திருகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேதான் திருப்புவார்.

பிறகு ஒரு ஒயரைப் பிரித்துவிட்டு மல்டிமீட்டர் வைப்பார். 8 ஓம் ட்வீட்டர் என்றால் சுமார் 6 காட்டும். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. எண் சரியாக வந்தால், “காயில் உசுரோடதான் இருக்குதுங்க” என்று, ஒலிகளைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பக்கம் திரும்புவார். அங்கே கெப்பாசிட்டர் காய்ந்து போயிருக்கலாம். அதே மதிப்புள்ள, துருவமில்லாத கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் ஜாலரா திரும்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கப்புறம்தான். மீட்டர் சரி என்கிறது, கெப்பாசிட்டரும் சரி, காது மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பல ட்வீட்டர்களில் காயிலைச் சுற்றிக் காந்தத் திரவம் இருக்கும். 1963-இல் நாசாவின் ஸ்டீவ் பேப்பல் ராக்கெட் எரிபொருளுக்காகக் கண்டுபிடித்த சரக்கு அது. காயிலின் சூட்டை வெளியேற்றும் அந்தத் திரவம் வருஷக்கணக்கில் இறுகிப் பிசினாகிவிட்டால் டோம் அசையத் திணறும். காயில் அமரும் இடுக்கைக் காகிதத்தால் துடைத்துப் புதுத் திரவம் விடவேண்டும். டோமை மையம் பிசகாமல் உட்காரவைக்க வேண்டும். இம்மி விலகினாலும் காயில் உரசிக் கரகரக்கும். இங்கே கருவி உதவாது, காதும் விரலும்தான்.

காயில் கட்டுவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் உருவாக்கிய மண் இது. பம்புசெட்டுக்கு ரீவைண்டிங் செய்யும் கடை ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் ட்வீட்டர் காயில் தலைமுடி போன்ற கம்பி. வெளி முனையில் அறுந்திருந்தால் பொறுமையாக ஈயம் வைத்துப் பிழைக்கவைக்கலாம். உள்ளே கருகியிருந்தால் அதே மாடலுக்கான, காயிலும் டோமும் சேர்ந்த டயஃப்ரம் வாங்கி மாட்டுவதே முறை. ஏதோ ஒன்றைப் பொருத்தி ‘சத்தம் வருதுல்ல’ என்பதை நான் ரிப்பேர் என்று ஏற்கமாட்டேன். இரண்டு பெட்டியும் ஒரே குரலில் பேசவேண்டும்.

காயில் கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் பெரிய ஆம்ப்ளிஃபயர் அல்ல, சிறியதை முழுசாகத் திருகுவதுதான். தாங்கமுடியாமல் அலையின் தலை வெட்டுப்படும்போது பிறக்கும் கூர்மையான ஒலிகள் எல்லாம் ட்வீட்டரில்தான் போய் இறங்குகின்றன. பாட்டு பிசிறடிக்கத் தொடங்கினால் உடனே வால்யூமைக் குறையுங்கள். பழைய பெட்டி மங்கலாகப் பாடினால், காயலான் கடைக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை ஒயரை மாற்றிச் செருகிக் கேளுங்கள்.