எண்ணிமக் கதைகூறலும் மலையகக் காமன்கூத்தும்: உருவம் பற்றிய ஒரு குறிப்பு

மக்கள் தம் கதையைத் தாமே குரல் கொடுத்து, படங்களைக் கோத்து, இரண்டு மூன்று நிமிடக் குறும்படமாக்குவதையே எண்ணிமக் கதைகூறல் என்பர். 1990களில் கலிபோர்ணியாவில் ஜோ லாம்பேர்ட், டானா அட்சிலி முதலியோரின் பட்டறைகளில் உருப்பெற்ற இதனை, பி.பி.சி. வேல்ஸ் 2001 முதல் 2008 வரை நடத்திய திட்டம் பரவலாக்கிற்று. சமூகங்கள் தம் பண்பாட்டைப் பேணுதற்கு ஏற்ற கருவி என இது போற்றப்படுகின்றது. ஆனால் கருவியோடு கூடவே ஓர் உருவமும் வந்து சேர்கின்றது என்பதைப் போற்றுவோர் கவனிப்பதில்லை.

அவ்வுருவத்தின் மையம் 'நான்'. தனியாளின் நினைவும் இழப்பும் மீட்சியுமே அதன் கதைப்போக்கு. மலையகத்துக் காமன்கூத்தை இதனருகே வைத்து நோக்குக. மாசியில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவதில் தொடங்கிப் பல இரவுகள் நீளும் இக்கூத்து, சிவன் மன்மதனை எரிப்பதில் உச்சமடைகின்றது. ரதியின் புலம்பல் அவளுக்கு மட்டும் உரியதன்று. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்களாகக் கூறுபோடப்பட்ட லயத்து மக்கள், அப்புலம்பலில் புராணத்தை மாத்திரமே கேட்டிருப்பர் எனக் கொள்வது கடினம். ரதி வேடமிட்டவரின் மூன்று நிமிட நினைவாக இதனைச் சுருக்கின், பார்வையாளர் மறைந்துவிடுவர். தப்பு பின்னணி இசையாகிவிடும். தப்படிப்போர் யார், அரங்கில் அவர்க்குரிய மதிப்பு யாது என்ற சாதியக் கேள்வியும் உடன் மறையும். 'சமூகம்' என்ற இதமான சொல் இத்தகைய முரண்பாடுகளை மூடிமறைப்பதில் வல்லது.

எனினும் இவ்வடிவத்தை நிராகரிப்பது தவறு. சி. வி. வேலுப்பிள்ளை மலையகப் பாடல்களைத் திரட்டி அச்சேற்றியது பெரும்பணி. ஆயின் அச்சுத் தொகுப்பு எதுவாயினும், பாடலுக்குப் பொருள் கூறுபவர் தொகுப்பாளரே. கொழுந்து பறிக்கும் பெண்ணே கைப்பேசியில் தன் பாடலைப் பதிந்து அதன் பொருளையும் கூறும்போது, தகவலாளியாக இருந்தவர் ஆசிரியராகின்றார். இம்மாற்றம் சிறிதன்று.

ஆகவே ரதி வேடமிட்டவர், தப்படித்தவர், கம்பம் ஊன்றியவர், விடியும்வரை விழித்திருந்து பார்த்தவர் ஆகியோர் ஒரே இரவைப் பற்றி முரண்பட்டுப் பேசும் பதிவே காமன்கூத்துக்கு நெருங்கியதாகும். அதன் மூலப்பிரதி தோட்டத்து வாசிகசாலையில் இருக்குமா, நிதி வழங்கிய நிறுவனத்தின் கணினியில் இருக்குமா என்பது பட்டறை தொடங்கு முன்னரே எழுத்தில் தீர்மானிக்கப்படல் வேண்டும்.