மூட்டையோடு மலை ஏறுகிறவன்

நான் விமர்சகன் இல்லை, படம் பார்க்கிறவன். அவ்வளவுதான். கொல்லிமலையில் இருந்துகொண்டு தியேட்டர் போவதென்றால் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் போகணும், திரும்பி வர பஸ் கிடைக்கணும். அதனால் ஊரெல்லாம் பேசி முடித்த பிறகு போனில்தான் பார்ப்பேன். இந்த மழைக்காலத்தில் மலை வருகிற படங்களாகத் தேடிப் பார்த்தேன்.

முதலில் வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம். முகாம்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஜீப் டிரைவராக சூரி அசத்திவிட்டார். சிக்கல் கடைசிப் பகுதியில். ஸ்டேஷனில் மலைப் பெண்களை நிர்வாணமாக்கி வதைக்கிறார்கள். அந்தப் பக்கம் சூரி கூரை மேல் ஓடுகிறார். இதையும் அதையும் மாற்றி மாற்றிக் காட்டக் காட்ட நமக்குப் பதற்றம் ஏறுகிறது. யாருக்காகப் பதறினேன் என்று யோசித்தால், சூரி நேரத்துக்குப் போய்ச் சேருவாரா என்றுதான். அந்தப் பெண்களின் வலி அவர் மனசாட்சிக்குக் கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது.

பார்த்துக்கொண்டே இருக்கும்போது வாச்சாத்தி ஞாபகம் வந்தது. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் புகுந்த ஊர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அங்கே இருப்பவர்களும் எங்களைப் போல மலையாளிகள்தான். (கேரளா இல்லைங்க. கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் பரவிக் கிடக்கிற பழங்குடியின் பெயர் அது.) 2011-ல் தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். படம் வந்தது அதே வருஷம் மார்ச்சில். வாச்சாத்திப் பெண்கள் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்கள். படத்தில் தமிழரசிக்குக் கொஞ்சம் பேச்சு உண்டு, மற்றவர்களுக்கு அலறல்தான்.

இரண்டாம் பாகத்தில் வாத்தியார் பேசிக்கொண்டே நடக்கிறார். மலை பின்னால் சும்மா நிற்கிறது.

'தங்கலான்' எனக்கு முதல் பாதி பிடித்தது, நிலத்தைப் பிடுங்கும் இடம் வரை. பொன்னைக் காக்கும் ஆரத்தி வந்ததும் எங்க ஊர் கொல்லிப்பாவையை நினைத்துக்கொண்டேன். சங்கப்பாட்டிலேயே இருக்கிறவள். சிரித்துக்கிட்டே கொல்லுவாள் என்பது கதை. பாவை பயமுறுத்துவது அந்த ஒரு சிரிப்பால்தான். ஆரத்தியைத் திரும்பத் திரும்பக் காட்டிக் கத்தவிட்டதில் எனக்குப் பயமே போய்விட்டது.

கடைசியாக 2018-ல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி படம். இதை ஏன் இத்தனை நாள் விட்டுவைத்தேன்! ரங்கசாமி ஏலக்காய் எஸ்டேட்டுக்கும் அடிவாரத்துக்கும் நடக்கிறான், அவ்வளவுதான் கதை. வழியில் யார் டீ தருவார்கள், எங்கே மூட்டையை இறக்கி மூச்சு வாங்கலாம் என்பதெல்லாம் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற படங்களில் கேமரா ஜீப்பில் ஏறி வருகிறது, இதில் சுமக்கிறவன் கூடவே நடக்கிறது. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து பலாப்பழத்தைச் சோளக்காட்டுச் சந்தைக்குத் தூக்கிப் போகிறவரைப் பார்த்தவனுக்கு, அந்த நடையில் ஒரு அடிகூடப் பொய் இல்லை என்று புரியும். மூட்டை சரிவில் உருண்டு ஏலக்காய் சிதறும்போது நான் போனை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். அடிதடி இல்லை, வில்லன் இல்லை. ஒரு துண்டு நிலம் வாங்க நினைத்தவன் கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே போகப் போக அவன் புள்ளியாகிறான், காற்றாடிகள் கூடிக்கொண்டே போகின்றன.

ஒரு குறை உண்டு. ஈஸ்வரியோடு படம் இவ்வளவு தூரம் நடக்கவில்லை. எங்க மலையில் விறகும் தண்ணீரும் பாதி மிளகும் பெண்கள் தலையில்தான் போகுது.