கோடியக்கரைப் பறவைகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வேதாரண்யத்து உப்பங்கழிகளில் நீர் தேங்கி நிற்கும் மார்கழி மாதத்தில், வெயில் ஏறுமுன் கோடியக்கரைச் சேற்றோரத்தில் பொறுமையுடன் நிற்கக்கூடிய ரசிகனுக்குப் பூநாரைக் கூட்டத்தைக் காணும் பாக்கியம் பெரும்பாலும் வாய்க்கும். வெகு தூரத்தில் வெளிறிய ரோஜா நிறக் கோடாகத் தெரியும் அக்கூட்டத்தைத் தொலைநோக்கியில் பிடித்துவிட்டால், அந்தப் பட்சி நெட்டைக் கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கைப் பம்பு போல இயக்கி நீரை உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரத்துத் தகடுகளில் சிக்கும் நுண்ணிய ஜீவராசிகளைப் புசிக்கும் விசித்திரம் புலப்படும். மேனியின் செம்மையும் அந்த ஆகாரத்தால் வந்ததே.

ஆயினும் என் பட்சபாதம் கொசு உள்ளானிடந்தான். வட துருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசத்தில் பிறந்து, சிட்டுக்குருவிப் பிரமாணமே உள்ள சரீரத்தோடு இவ்வளவு தூரம் பறந்து வந்து, களைப்பின் சாயலே இன்றிச் சேற்றைக் கொத்திக் கொத்தி ஓடும் அதன் சுறுசுறுப்புக்கு ஈடேது! பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதலியோர் இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் யாத்திரையை ஆராய்ந்தார்கள். 1967இல் சரணாலயமான இவ்விடம் 2002இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பார்க்கப் போகிறவர்கள் மங்கிய பழுப்பு உடையில் போவது உசிதம். சலவை வேட்டிப் பகட்டைப் பறவைகள் மதிப்பதில்லை.