அடிக்குறிப்பும் சாட்சியும்

காரைக்காலிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால் சிறிது தொலைவில் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் கரையிறங்கிய ஊர் அது. அவர்தம் பணியைக் குறித்து இறையியல் மாணவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றை அண்மையில் படித்தோம். உழைப்புண்டு, ஆர்வமும் உண்டு. அடிக்குறிப்புகளே நம்மை வருத்தின.

பல குறிப்புகளில் ஓர் இணைய முகவரி மட்டுமே நிற்கிறது. கட்டுரையாசிரியர் யார், எந்த இதழ், எத்தொகுதி, எந்த ஆண்டு, எப்பக்கம் என்பன இல்லை. நாளை அம்முகவரி மாறுமாயின், கூற்று சாட்சியற்றதாகிவிடும்.

இதனைச் சிறு பிழையென ஒதுக்குதல் தகாது. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவழியைக் குறித்துச் சீகன்பால்கு 1713-இல் எழுதிய நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1867-இல் வில்ஹெல்ம் கெர்மான் அதனைச் சென்னையில் பதிப்பித்தபோது தம் மாற்றங்களையும் சேர்க்கைகளையும் புகுத்தினார். அதன் தளர்வான ஆங்கில மொழிபெயர்ப்பை மெட்ஸ்கர் 1869-இல் வெளியிட்டார். மூலக் கையெழுத்துப் படியைத் தழுவிய டேனியல் ஜெயராஜின் பதிப்பு 2003-இலும், அதன் ஆங்கில ஆக்கம் 2005-இலுமே வெளிவந்தன. இணையத்தில் எளிதாய்க் கைக்கெட்டுவதோ 1869-ஆம் ஆண்டு நூல். அதை எடுத்தாளும் மின்னிதழ்க் கட்டுரையொன்றைப் படித்த மாணவர், "சீகன்பால்கு 1713-இல் கூறினார்" என்றெழுதுகிறார். அச்சொல் கெர்மானுடையதாயின், ஒருவர் வாயில் மற்றொருவர் சொல்லை வைத்தவராகிறார்.

எனவே மின்னிதழ்க் கட்டுரைக்கும் அச்சிதழுக்குரிய முறையே முதன்மையானது: ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, எண், ஆண்டு, பக்கம். அவற்றின்பின், கட்டுரைக்கெனப் பதிவான டி.ஓ.ஐ. எண் இருப்பின் அதனைத் தருக. முகவரி மாறினும் அவ்வெண் மாறாது. அஃதில்லையேல் முகவரியையும் பார்வையிட்ட நாளையும் தருக. பழைய அச்சிதழின் ஒளிப்படிவமாயின் அச்சுப் பக்க எண்ணே போதும். மூலநூலைத் தாமே பாராதவர், இன்னார் எடுத்தாண்டபடி என்று ஒளியாது குறிப்பிடுக. நிறுத்தற்குறிகள் கல்லூரிதோறும் வேறுபடலாம், இவ்விவரங்கள் வேறுபடா.

பெரிய நூலகங்களுக்குத் தொலைவில் ஊழியஞ்செய்வோர்க்கு இணையம் பெருங்கொடை. அதனை நாம் குறைகூறவில்லை. கொடுத்த கையை மறவாமல் குறிப்பிடுக என்கிறோம், அவ்வளவே. யாவற்றையும் திட்டமாய் விசாரித்து எழுதிய லூக்காவின் நெறி நமக்கு முன்னுள்ளது. பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கற்பனை உயிரோடிருக்கும் அயலானை மட்டுமன்றி, மறுத்துரைக்க இயலாத மரித்தோரையும் காக்கிறது.