இரு நூதனசாலைகளும் மலையகத் தொழிலாளரும்

ஒரு சமுதாயத்தின் மனத்தை அறிய விரும்புவோர் அதன் நூல்களை மட்டுமன்றி நூதனசாலைகளையும் நோக்குதல் வேண்டும். எப்பொருளைப் பேணினர், எப்பொருளைக் கைவிட்டனர் என்னும் இரண்டுமே அம்மனத்தைக் காட்டுவன. மலையகத்தின் தேயிலை வரலாற்றைக் காட்சிப்படுத்தும் இரு நூதனசாலைகளை இவ்வகையில் ஒப்பிட்டு ஆராய்வோம்.

கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில், 1925 இல் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாயிற்று. கொழுந்தை அரைத்தும் உலர்த்தியும் தரம்பிரித்தும் வந்த பழைய இயந்திரங்கள் அங்கே செவ்வையாகப் பேணப்படுகின்றன. 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் உள. கைத்தொழில் வரலாறு கற்பார்க்கு இது நல்விருந்தே. ஆயின், அங்கு இயந்திரமே தலைமகன். அவ்வியந்திரத்துக்குக் கொழுந்து கொணர்ந்த கை எவருடையது என்னும் வினா நம் உள்ளத்தே எஞ்சி நிற்கின்றது.

கம்பளைப் பகுதியிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயமொன்றில், சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007 இல் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இவ்வினாவுக்கு விடையிறுக்கின்றது. தொழிலாளரின் வீட்டுப் பொருள்கள், தொழிற்கருவிகள், வாத்தியங்கள், ஆவணங்கள் ஆகியன இங்கே இடம்பெறுகின்றன. காட்சிப்பொருள்களுள் தலையாயது அவற்றைத் தாங்கி நிற்கும் லயமே என்பது எம் துணிபு.

எனினும், ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. நூதனசாலையில் வைத்த பொருள் கழிந்த காலத்தது என்று காண்போர் கருதுதல் இயல்பு. லயமோ இன்னும் கழிந்ததன்று. மலையகக் குடும்பங்கள் பல இன்றும் லயக்காம்பிராக்களிலேயே வாழ்கின்றன. இவ்வுண்மையை எடுத்துரையாதவழி, அக்காட்சி வாழ்வோரைப் பழம்பொருளாக்கிவிடும். வறுமையைக் காட்சிக்கு வைத்தல் இழிவு என்பாரும் உளர். இழிவு காட்டுவதில் இல்லை. அது முடிந்துவிட்டதெனக் காட்டுவதிலேயே உள்ளது.

ஆதலின், பொருளினும் அதனை விளக்கும் நிகழ்ச்சியே இன்றியமையாதது. ‘துண்டு’ என்னும் சிறுதாளை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர் கங்காணிக்குப் பட்ட கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கண்ணாடிப் பேழையுள் அது வெறுந்தாள். அறிந்தார் ஒருவர் அதன் பொருளை விரித்துரைக்கின், ஒரு தலைமுறையின் தளை. தப்பும் அத்தகையதே. விடியலிற் பிரட்டுக்கு அழைத்ததும், காமன் கூத்தில் ஆட்டத்தை நடத்துவதும், இறந்தாரை வழியனுப்புவதும் அதுவே. சுவரிலே தொங்கும் தப்பு இவற்றுள் ஒன்றையும் சொல்லாது. அடிப்பவன் வந்தே அது பேசவேண்டும்.

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் முதியோர் பலர் இத்தகைய செய்திகளைத் தம் நெஞ்சிலே தாங்கியுள்ளனர். அவர்களை விளக்கவுரையாளராக அழைத்தலும், தோட்டப் பாடசாலை மாணவரை அவர்முன் இருத்துதலும், அவ்வுரைகளைப் பதிவுசெய்து ஆவணமாகப் பேணுதலும் நூதனசாலையின் தலைக்கடனாகக் கொள்ளத்தக்கவை. இந்நாட்டின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அத்தகையார்க்குத் தம் வரலாற்றைத் தம் வாயாற் சொல்லும் இடம் வேண்டும். இயந்திரத்தைக் காக்க எண்ணெய் போதும். நினைவைக் காக்கக் கேட்போர் வேண்டும்.