புறநானூற்றில் முதுமையும் மனநோவும்: இரு பாடல்களின் திறனாய்வு

புறநானூற்றில் முதியோரின் உள்ளத்தை உள்ளிருந்தே காட்டும் பாடல்கள் பலவல்ல. அவற்றுள் 159ஆம் பாட்டும் 243ஆம் பாட்டும் தலைசிறந்தன. முன்னது பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடியது. பின்னதைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்து போயிற்று. பாட்டில் வரும் தொடரே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்பெறுகின்றார். பின்னதனை இளமை நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகவும் முன்னதனை வறுமையின் ஓவியமாகவும் கற்பிப்பது நம் வகுப்பறைகளில் வேரூன்றிய வழக்கம். முன்னதில் வரும் தாயின் துயரை, முதுமைக்கு இயல்பானது என ஒரு சொல்லிற் கூறிவிட்டு, மனைவியின் வறுமைக்கு விரைந்து சென்றுவிடுவோம். யானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்து வந்தேன். அவ்வாறு விரைந்து செல்லுதல் பிழை என்பதும், அப்பிழை ஏட்டளவில் நில்லாது வீட்டில் வாழும் முதியோரின் உயிரையும் தொடுவது என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்பெறும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இளிவரல் பிறக்கும் நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கினை வைத்தார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினையும், உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கினையும் வைத்தார். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மூப்பும் பிணியும் அருகருகே எண்ணப்பெற்றனவாயினும் ஒன்றாக எண்ணப்பெறவில்லை. மூப்பே பிணியாயின் அதனைத் தனித்து எண்ண வேண்டுவதில்லை. மூப்பினுள் பிணி அடங்குமாயினும் அவ்வாறே. ஆசிரியர் பிரித்து வைத்த இவ்விரண்டையும் பிற்காலத்தார் ஒன்றாக்கிவிட்டனர். முதியவர் ஒருவர் அழுதால், 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்கின்றோம். இதே சொல்லையே நம் திறனாய்வும் சற்றுச் செந்தமிழாக்கிச் சொல்லி வந்துள்ளது.

243ஆம் பாட்டினை முதற்கண் நோக்குவோம். கையறுநிலை என்னும் துறையினது இது. கோல் ஊன்றி நடுங்கி நிற்கும் முதியவர் தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். மணலிற் செய்த பாவைக்குப் பறித்த பூவைச் சூட்டியது, குளிர்ந்த கயத்தில் ஆடும் மகளிரோடு கைகோத்துத் திரிந்தது, வஞ்சம் அறியாத தோழரோடு கூடியது, துறையிலே தாழ்ந்து படிந்த மருதக் கிளையில் ஏறிக் கரையில் நிற்போர் மருளுமாறு ஆழ்ந்த மடுவிற் பாய்ந்தது, மூழ்கி அடிமணலை அள்ளிக்கொண்டு மேலெழுந்தது ஆகிய எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இறுதியிலேதான் இருமலுக்கு இடையிடையே சில சொற்களே வெளிவரும் இன்றைய நிலை கூறப்படுகின்றது.

இவர் நோயாளரா? அல்லர் என்பதே என் துணிபு. உடல் தளர்ந்துள்ளது; கை நடுங்குகின்றது; சொல் இருமலால் தடைப்படுகின்றது. உள்ளமோ தளரவில்லை. நினைவுகள் முறை பிறழாமல் வருகின்றன. கிளை தாழ்ந்திருந்த நிலையும் நீர் சிதறியதும் கரையோர் மருண்டதும் மங்கவில்லை. அவ்விளமை இரங்கத்தக்கது என்றும், அது யாண்டுச் சென்றதோ என்றும் வினவுகின்றாரே அன்றித் தம் உயிர் போகவேண்டும் என ஓரிடத்தும் கூறவில்லை. மேலும் அவர் தம்மை ஒருவராக வைத்துப் பேசாமல் 'மூதாளர்களாகிய எமக்கு' எனப் பன்மையாற் பேசுகின்றார். இதனை உயர்வுப் பன்மை என்று கொள்வாரும் உளராகலாம். பாட்டின் முற்பகுதி முழுவதும் தோழரும் மகளிருமாகிய கூட்டத்தால் நிறைந்திருத்தலின், முதுமையிலும் அவர் தம்மை ஒரு கூட்டத்தாருள் வைத்தே எண்ணுகின்றார் எனக் கொள்ளுதலே பொருந்தும். மெய்ப்பாட்டு நெறியாற் கூறின், விளையாட்டுப் பொருளாகப் பிறந்த உவகையை நினைவிலே மீட்டுணர்ந்து, மூப்புப் பொருளாகப் பிறந்த இளிவரலில் வந்து முடிகின்றது இப்பாட்டு. பிணிக்கு இங்கு இடமில்லை.

முதியோர் பழங்கதை பேசுதலை மனத்தேய்வின் அடையாளமாகவே மருத்துவருட் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்கருத்தை மறுத்தார். இறுதி அணுகுவதை உணர்ந்த மனம் தன் வாழ்வைத் திரும்ப எடுத்துப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளுதல் யாவர்க்கும் இயல்பாக நிகழ்வது என்றும், அது தடைப்படும்போதே துயர் மிகும் என்றும் அவர் கூறினார். விழுத்தண்டினாரின் பாட்டு அத்தகைய மீள்நோக்கின் செவ்விய வடிவம். இதனை நிலையாமைச் செய்யுள் என்று மட்டும் பெயரிட்டு அமைவோர், பாட்டின் பெரும்பகுதி நீராடும் மகிழ்ச்சியே என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

இனி 159ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனாரின் தாய் முற்றிலும் வேறானவள். நாட்களும் ஆண்டுகளும் பலவாகியும் தன் உயிர் தீரவில்லையே என்று பலகாலும் வெறுத்துக் கூறுகின்றாள். கோலே காலாக அடிமேல் அடிவைத்து ஒதுங்குகின்றாள். கூந்தல் நூலை விரித்தாற்போல வெளுத்துள்ளது, கண்ணொளி மறைந்துள்ளது, வீட்டு முற்றத்துக்கும் செல்ல இயலாத முதுமை அவளுடையது. அவளை அடுத்து மனைவி வருகின்றாள். பல மக்கள் பிசைந்து உண்ண வாடிய மார்பினளாய், குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து உப்பின்றி வேகவைத்து, மோரும் சோறும் இன்றி உண்கின்றாள்.

இவ்விரு முதியோரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். விழுத்தண்டினாரும் கோல் ஊன்றுகின்றார். இத்தாயும் கோல் ஊன்றுகின்றாள். உடல் தளர்ச்சி இருவர்க்கும் ஒன்றே. ஆயின் அவர்க்குப் பழைய நாள் உண்டு. இவளுக்கு நினைந்து மகிழ ஒன்றும் கூறப்படவில்லை. அவர்க்குக் கூட்டம் உண்டு. இவளுக்கு முற்றமும் எட்டாது. அக்காலத்து இல்லத்தில் முற்றம் என்பது அயலார் வந்து பேசும் இடம், குழந்தைகள் ஆடும் இடம். கண்ணொளியும் முற்றமும் ஒருங்கே இழந்தவள் தன் உலகத்தையே இழந்தவளாவாள். அவர் சென்றதற்கு இரங்குகின்றார். இவள் இருப்பதற்கு வெறுக்கின்றாள்.

இவ்வெறுப்பினைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொல் புலத்தல் என்பது. அகப்பாடல்களில் தலைவி தலைவனொடு கொள்ளும் ஊடலுக்கு உரிய சொல் இது. புலத்தல் தனிமையில் நிகழ்வதன்று. கேட்போர் ஒருவர் இருந்தாலன்றிப் புலவி பிறவாது. தாய் பலவாகப் புலந்தாள் எனில், அவள் சாவை நாடினாள் என்பதினும், தன் நிலையைக் கேட்பார் உளரோ என்று நாடினாள் என்பதே சொல்லின் இயல்புக்குப் பொருந்துவது. கேட்டவன் மகன். கேட்டதனாலேயே அது பாட்டாயிற்று.

இங்கு மருத்துவநூற் செய்தி ஒன்றை இடையே கூறவேண்டியுள்ளது. முதுமையில் தோன்றும் மனநோய்கள் யாவும் ஒன்றே என்றும், அவை மூளைத் தேய்வின் விளைவாதலின் தீராதன என்றும் ஒரு காலத்திற் கருதப்பட்டன. இங்கிலாந்தில் கிரேலிங்வெல் மருத்துவமனை நோயாளரை ஆராய்ந்து மார்ட்டின் ராத் என்பார் 1955இல் வெளியிட்ட கட்டுரை அக்கருத்தைத் தகர்த்தது. அறுபது வயது கடந்து மனநோயால் சேர்க்கப்பட்டோரை அவர் வகைப்படுத்திப் பின்னர் அவர்க்கு என்ன நேர்ந்தது என்று தொடர்ந்து நோக்கினார். மூளைத் தேய்வால் அறிவு குன்றியோருட் பெரும்பாலோர் ஈராண்டுக்குள் இறந்தனர். மனச்சோர்வு முதலிய உணர்ச்சி நோய்க்கு ஆளானோருட் பெரும்பாலோர் தேறி வீடு திரும்பினர். வயது ஒன்றே, முடிவு வேறு. உடல்நோயால் திடீரெனத் தோன்றும் அறிவுமயக்கமும் தனிவகையாக அங்கே பிரிக்கப்பட்டது. சிறுநீர்த்தாரைத் தொற்றோ, நீர்வறட்சியோ, உண்ட மருந்தோகூட ஒரு முதியவரை ஓரிரு நாளில் பிதற்றவைக்கும். காரணத்தை நீக்கின் பெரும்பாலும் தெளிவார். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயோ மெல்ல வளர்வது. மனச்சோர்வுற்ற முதியோர் சிலர் மறதியுற்றோர் போலவே தோன்றுதலும் உண்டு. இதனைக் கைலோ என்பார் 1961இல் போலி மறதிநோய் என்னும் பொருள்படும் பெயரால் விளக்கினார். சோர்வு நீங்க, அம்மறதியும் பெரும்பாலும் நீங்கும். முதியோரின் மனச்சோர்வு கண்ணீராக மட்டும் வெளிப்படுவதில்லை. உறக்கமின்மை, பசியின்மை, வயிற்றுநோவு, 'நான் பிறர்க்குச் சுமை' என்னும் எண்ணம், 'எனக்குச் சாவு வரவில்லையே' என்னும் சொல் என அது பல உருக்கொள்ளும். இவற்றையெல்லாம் மூப்பின் கணக்கில் எழுதிவிட்டால் மருந்துக்கு இடமில்லாது போகின்றது.

ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாட்டுக்கு இக்கால நோய்ப்பெயர் சூட்டுவது முறையோ எனச் சிலர் வினவலாம். யான் நோய்ப்பெயர் சூட்டவில்லை. அத்தாய்க்கு இன்ன நோய் என்று அறுதியிட நம்மிடம் சான்றில்லை. யான் வினவுவது வேறு: அவளது துயர் மாறக்கூடியது என்று புலவர் கருதினாரா, மாறாதது என்று கருதினாரா? இதற்குப் பாட்டே விடை தருகின்றது.

தாயையும் மனைவியையும் காட்டி முடித்த உடனே, அவ்விருவர் நெஞ்சமும் உவக்குமாறு என்று புலவர் கூறுகின்றார். மனைவியின் நெஞ்சம் மட்டுமன்று, இருவர் நெஞ்சமும். உயிர் போகவில்லையே என்று புலம்பிய முதியவளின் நெஞ்சமும் உவகை கொள்ள வல்லது என்று மகன் நம்புகின்றான். அவள் சொல்லை அவன் சொல்லளவிற் கொண்டானல்லன். அடுத்து வரும் உவமை இதனை வலியுறுத்துகின்றது. காட்டை எரித்து உழுத புனத்தில் விதைத்த பயிர் பசுமையாகத் தழைத்தும் கதிர் ஈன மாட்டாமல் நிற்கின்றது. அதற்கு மழை பொழிந்தாற்போல நீ கொடுப்பாய் என்கின்றார். அப்பயிர் பட்டுப்போனதன்று, நீரின்றி நின்றுபோனது. உவமை கொடையையும் சுற்றத்தையும் நோக்கியதே எனினும், தாயை அடுத்து வைக்கப்பட்டமையால் அவள்மேலும் அது படிகின்றது. மெய்ப்பாட்டு நெறிப்படி, அவள் துயரை மூப்பின் இளிவரல் எனக் கொண்டால் குமணனிடம் கேட்க ஒன்றுமில்லை. எந்த வள்ளலும் மூப்பை நீக்க இயலாது. வறுமையும் அசைவும் பற்றிய அழுகை எனக் கொண்டாலே பாட்டுக்குப் பொருள் உண்டாகும். முன்னைய நிலை கெட்டு வருந்துதலை அசைவு என்பர். கண்ணும் முற்றமும் இழந்தவளுக்கு அது மிகப் பொருந்தும்.

பரிசில் பெறும் பொருட்டுப் புலவர் தாயின் துயரை மிகைபடக் கூறினார் எனலாமோ? கூறியிருக்கலாம். பரிசில் கடாநிலைக்கு மிகை இயல்பே. ஆயினும் இதே பாட்டில், மனமின்றி விடுக்கும் பரிசில் கொல்களிறே ஆயினும் கொள்ளேன் என்றும், உவந்து கொடுப்பின் சிறிதாயினும் கொள்வேன் என்றும் கூறுபவர் அவர். கொடுப்போன் உவகையையே வேண்டும் புலவர், தாயின் உவகையை வெறும் அணியாக எழுதினார் என்று கொள்ள என் மனம் ஒருப்படவில்லை.

இவ்வளவும் ஏன் வலியுறுத்தவேண்டும்? இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேர்க்குச் சற்று மிகுதியாக மறதிநோய் உண்டு என 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று கணித்தது. மனச்சோர்வுற்ற முதியோரும் மிகப் பலர். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள் சிலவற்றில், படுத்துவிட்ட முதியோர்க்குத் தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் பலவற்றைப் புகட்டி உயிர் போக்கும் தலைக்கூத்தல் என்னும் கொடிய வழக்கம் நிலவுவதை 2010ஆம் ஆண்டளவில் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தின. அவ்வாறு செய்வோர் தம்மைக் கொலைஞராகக் கருதுவதில்லை. முதியவர் தாமே வேண்டியதாக, அவர்தம் துயரை முடித்ததாகவே கருதுவர். சாவு வரவில்லையே என்னும் புலவியை ஒப்புதலாகக் கொள்ளும் செவி இது. பெருஞ்சித்திரனார்க்கு வாய்த்த செவி வேறு. தாய் கூறியதைக் கேட்டதும் அவர் அரசனைத் தேடிப் புறப்பட்டார்.

குமணன் கொடுத்ததைப் பெற்று மீண்ட புலவர் மனைவியிடம் கூறுவது 163ஆம் பாட்டு. உன்னை விரும்பி வாழ்வோர்க்கும், நீ விரும்பி வாழ்வோர்க்கும், உன் சுற்றத்தார்க்கும், பசி தீரக் கடன் கொடுத்தோர்க்கும், இன்னார்க்கு என்று பாராமலும் என்னைக் கேளாமலும் கொடு என்கின்றார். கொடையைப் பாராட்டுவோர் இப்பாட்டைப் பலகாலும் எடுத்தாள்வர். இப்பட்டியலில் தாய்க்குத் தனியிடம் இல்லை. விரும்பி வாழ்வோருள் அவளும் அடங்குவாள் எனலாம். அதற்குள் இறந்துவிட்டாள் எனவும் ஐயுறலாம். அவள் மீண்டும் முற்றத்துக்கு வந்தாளா என்பதைப் பாட்டு கூறவில்லை.